பொழியோரம் தாழப் பறக்கிற பிராந்து

திருநெல்வேலிப் பக்கம் வானத்தில் வட்டமடிக்கிற எல்லாமே பிராந்துதான். கோழிக்குஞ்சைத் தூக்கினாலும் பிராந்து, மீன்கடைக்கு மேலே சுற்றினாலும் பிராந்து. வெள்ளைக் கழுத்தும் செங்கல் நிற உடம்புமாக வந்தால் மட்டும் அது கருடன், கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு பெயருக்குள்ளும் அடங்காமல் ஒன்று இருக்கிறது. அது உயரத்தில் வட்டமடிப்பது குறைவு. உளுந்துச் செடிக்கு மேலே ஆள் உயரம், மிஞ்சினால் இரண்டு ஆள் உயரம், அவ்வளவுதான். நான்கைந்து தடவை சிறகடிக்கும், பிறகு சிறகை ஆழமில்லாத ஒரு 'வி' போலத் தூக்கி வைத்துக்கொண்டு மிதக்கும். வயலின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை, திரும்பி அடுத்த பாத்தி, மறுபடி அடுத்தது. உழுகிற மாடு சால் பிடிப்பது மாதிரி ஒழுங்காகத் தேடிக்கொண்டு போகும். தலை மேலே போகாததால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பறவை பார்ப்பவர்கள் இதைப் பூனைப்பருந்து என்கிறார்கள்.

புரட்டாசிக் கடைசியில் முதல் பறவைகள் வந்துவிடும். கார்த்திகையிலிருந்து மாசி வரை நிறைய இருக்கும். பங்குனி பிறந்தால் ஒவ்வொன்றாகக் கிளம்பும். கசகஸ்தான், ரஷ்யா பக்கத்துப் புல்வெளிகளில் முட்டையிடும் பறவைகள் இவை. அங்கே தரை உறைந்து பனி மூடிவிட்டால் எலியும் வெட்டுக்கிளியும் ஓணானும் எட்டாது, அதனால் தெற்கே வருகின்றன. நம் ஊர்க் குளிரை நம்பி அவை வருவதில்லை. மார்கழி அதிகாலையிலும் இங்கே ஒரு துண்டு போர்த்தினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு புஞ்சையில் என்னென்ன ஊர்கிறது, என்னென்ன குதிக்கிறது என்பதுதான் அவற்றுக்குக் கணக்கு.

அதனால் இந்தப் பறவையைப் பார்க்கப் போகிறவருக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம், பறவையைத் தேடாதீர்கள் என்பதே. நிலத்தைப் படித்துவிட்டு உட்காருங்கள், பறவை அங்கே வரும். பைனாகுலரோடு பின்னாலேயே ஓடுகிறவருக்குக் கிடைப்பது தூரத்தில் போகிற ஒரு வால் மட்டும்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையிலும் அதன் இருபுறமும், மானூர், அழகியபாண்டியபுரம், உக்கிரன்கோட்டை, தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் என்று கரிசலும் செவலும் கலந்து கிடக்கிற மானாவாரி நிலம் இருக்கிறது. புரட்டாசியில் விதைப்பு. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, ஆங்காங்கே கம்பும் சோளமும். இடையிடையே விதைக்காமல் விட்ட தரிசு. நிலத்துக்கு நிலம் நடுவில் பொழி. நஞ்சைக்காரர் வரப்பு என்பதைப் புஞ்சைக்காரர் பொழி என்பார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வரப்பு நீரைக் கட்டுகிற வேலைக்காக ஆண்டுதோறும் வெட்டி ஒதுக்கப்படும். பொழி அப்படியே கிடக்கும். ஒரு முழம், இரண்டு முழம் அகலம். அதில் கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், ஆவாரஞ்செடி, ஒரு பனைக்கன்று, உழும்போது பொறுக்கிப் போட்ட கல். ஏர் படாது, மருந்தும் நேராகப் படாது. வெள்ளெலி வளை தோண்டுவது அங்கேதான். ஓணான் வெயில் காய்வது அங்கேதான். உளுந்தில் மருந்தடித்தால் வெட்டுக்கிளி ஒதுங்குவதும் அங்கேதான்.

பூனைப்பருந்தின் வேட்டை முழுக்க இந்தப் பொழியைச் சுற்றியே நடக்கிறது என்றால் மிகையில்லை. பறவை பொழியின் ஒரு பக்கமாகத் தாழ வந்து, சட்டென்று மறுபக்கம் தாவும். மறுபக்கம் மேய்ந்துகொண்டிருக்கும் நெட்டைக்காலிக்கோ வானம்பாடிக்கோ அந்த நொடி வரை அது தெரியாது. முழங்கால் உயர உளுந்தும் மொட்டைத் தரிசும் சேர்கிற விளிம்பு, பருத்தியும் வண்டிப்பாதையும் சேர்கிற விளிம்பு எல்லாம் இதே கணக்கில் வரும். ஒரே பயிர் ஐம்பது ஏக்கர் தொடர்ச்சியாக நின்றால் பறவை அதன் நடுவே நேரத்தை வீணாக்காது, ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தலைக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் அதனால் இறங்கவே முடியாது. நீளச் சிறகை விரித்துக்கொண்டு அத்தனை நெருக்கமான தட்டைகளுக்குள் புகுந்தால் வெளியே வருவது கஷ்டம். உளுந்து நின்ற இடத்தில் மக்காச்சோளம் வந்தால் விவசாயிக்கு லாபமாக இருக்கலாம், பூனைப்பருந்துக்கு அது ஒரு வீதி அடைபட்ட மாதிரி. மக்காச்சோளம் அறுத்துத் தட்டையை மடக்கி உழும் நாளில்தான் அந்த வீதி மறுபடி திறக்கும்.

நேரத்தைப் பொறுத்து இரையும் மாறும். தை மாதம் சூரியன் உதிக்க ஆறரை மணிக்கு மேல் ஆகிவிடும். முதல் ஒரு மணி நேரம் பனி செடியில் இருக்கும். இரவுக் குளிரில் விறைத்த வெட்டுக்கிளி வெயிலுக்காகச் செடி நுனிக்கு ஏறி வந்து உட்கார்ந்திருக்கும். அப்போது பருந்து முழுதாகத் தரையில் இறங்காமல், போகிற போக்கில் காலை நீட்டிச் செடி நுனியிலிருந்து பறித்துக்கொள்வதைப் பார்க்கலாம். எட்டு மணிக்கு மேல் ஓணானும் விசிறித்தொண்டை ஓணானும் கல்லின் மேல் ஏறும். வேட்டை அப்போது பொழிக்கும் கல்குவியலுக்கும் மாறும். பத்து மணிக்கு மேல் தரைச்சூடு எழும்பியதும் பறவை உயரே ஏறி மிதந்து வேறு நிலத்துக்குப் போய்விடும், அல்லது உழுத காட்டில் ஒரு மண்கட்டி மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பிறகு மூன்றரை, நான்கு மணிக்கு மறுபடி. அந்திக்கு நெருங்க நெருங்க எலியின் பங்கு கூடும்.

இனி எங்கே உட்காருவது. காற்றுதான் இதைத் தீர்மானிக்கிறது. பூனைப்பருந்து எதிர்க்காற்றில் தேடும். எதிர்க்காற்றில் சிறகுக்கு அடியில் தாங்கல் கிடைக்கும், தரையைக் கடக்கும் வேகம் சைக்கிள் வேகத்துக்குக் குறையும், கீழே கவனித்துப் பார்க்க நேரம் கிடைக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை இங்கே வாடைதான், வடகிழக்கிலிருந்து. ஆகவே பறவை நிலத்தின் தென்மேற்கு மூலையில் தொடங்கி வடகிழக்கு நோக்கி மெல்ல வரும். முடித்ததும் காற்றோடு சேர்ந்து வேகமாகத் திரும்பிப் போகும். அந்தத் திரும்பும் பயணத்தில் வேட்டை அதிகம் இருக்காது. காலையில் வடகிழக்கு மூலையில் தென்மேற்கைப் பார்த்து உட்கார்ந்தால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். பறவை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக வரும், வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். சாயங்காலம் இந்த இரண்டும் ஒத்துவராது. வெளிச்சத்துக்காக மேற்கே உட்கார்ந்தால் பறவை முதுகைக் காட்டிக்கொண்டு போகும், கிழக்கே உட்கார்ந்தால் வெறும் கறுப்பு நிழல்தான் தெரியும். சாயங்காலத்தில் நிறம் பார்த்து அடையாளம் காண வேண்டுமானால் மேற்கு, வேட்டையைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கு. இரண்டையும் ஒரே மாலையில் ஆசைப்பட்டு நடுவில் நிற்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

உட்கார ஒரு பனைமர அடி போதும். உடைமரத்தின் அடி இன்னும் நல்லது, ஆனால் முள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்கின காக்கியோ பச்சையோ போதும். தலையில் ஒரு துண்டு. ஆளை மறைக்கிற கூடாரம் எல்லாம் இங்கே தேவையில்லை. களை எடுக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் நடுவில் வேட்டையாடிப் பழகிய பறவை இது. உட்கார்ந்த ஆளைக் கண்டு பயப்படாது, நடந்து நெருங்குகிற ஆளைக் கண்டால் விலகிவிடும். ஆடு வந்தால் எரிச்சல்பட வேண்டாம். ஆட்டுக்காலில் மிதிபட்டுப் பூச்சியும் சிறு பறவையும் எழும்பும்போது பருந்து அந்தக் கூட்டத்தின் ஓரமாகவே வருவதுண்டு.

இறங்குவதற்கு முன்னால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை. "அண்ணாச்சி, பொழியில உக்காந்து பறவை பாத்துக்கிடவா?" என்றால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் கேமராவோடு உட்கார்ந்தால், நிலம் அளக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள். சூரியமின் தகடு போட இடம் பார்த்துத் தரகர்கள் அலைகிற பகுதியில் அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

பைனாகுலர் 8×42 வாங்குங்கள். 10 மடங்கு வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை வரும். தாழ, குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கிற பறவைக்குப் பார்வைப் பரப்புதான் முக்கியம். 10 மடங்கில் அந்தப் பரப்பு குறையும், கை நடுக்கமும் கூடும், பறவை திரும்பியதும் தொலைத்துவிடுவீர்கள். அந்தி வெளிச்சத்திலும் 8×42 கண்ணுக்கு அனுப்பும் ஒளிக்கற்றை கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், 10×42இல் 4 மில்லிமீட்டர்தான். ஒன்பது மணிக்கு மேல் கரிசலில் கானல் ஓடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை விலை கொடுத்த கண்ணாடியும் தூரத்துப் பறவையைத் தண்ணீருக்குள் பார்ப்பது போலத்தான் காட்டும்.

வேட்டையின் முக்கியமான நொடி மிகச் சிறியது. பறக்கும்போது பருந்தின் தலை கீழ்நோக்கிக் குனிந்திருக்கும், இடமும் வலமுமாக அசையும். முகத்தைச் சுற்றி ஆந்தைக்கு இருப்பது போல ஒரு இறகு வளையம் உண்டு. புல்லுக்குள் கேட்கிற சரசரப்பைக் காதுக்குச் சேர்க்கும் வேலை அதற்கு. பகலில் வேட்டையாடும் பருந்துகளில் காதையும் இப்படி நம்பி வேட்டையாடுவது இந்தக் குடும்பத்தின் தனிப்பழக்கம். ஏதோ பட்டதும் வால் விசிறியாக விரியும். ஒரு சிறகு தாழும். போன திசையிலிருந்து உடம்பு அப்படியே திரும்பி, சில சமயம் குட்டிக்கரணம் போல மடங்கி, ஒரு கணம் காற்றில் தொங்கும். அதற்குள் மஞ்சள் கால்கள் இரண்டும் நீண்டிருக்கும். உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளக் கால்கள். புல்லின் உயரத்தைத் தாண்டித் தரையைத் தொட அந்த நீளம் வேண்டும். சிறகு இரண்டும் மேலே நிமிர, கால் முன்னால் போக, பறவை செடிக்குள் மறைந்துவிடும்.

இனி எண்ணுங்கள். மூன்று நான்கு எண்ணுவதற்குள் எழும்பிவிட்டால் பெரும்பாலும் தவறிவிட்டது. கால் வெறுமையாகத் தொங்கும், உடனே தேடலைத் தொடரும். இருபது எண்ணியும் எழவில்லை என்றால் பிடித்துவிட்டது. சிறகைப் பாதி விரித்து இரையைப் போர்த்தியபடி நிற்கும், தலை மட்டும் அவ்வப்போது செடிக்கு மேல் தெரியும். வெட்டுக்கிளி என்றால் சீக்கிரம் எழும். எலியோ சிறு பறவையோ என்றால் பல நிமிடம் ஆகும், அல்லது தூக்கிக்கொண்டு பக்கத்து மொட்டைத் தரிசுக்குப் போய் அங்கே வைத்துத் தின்னும். தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு கால் பின்னால் நீண்டு, அதில் சிறிய சுமை தொங்கும். காகங்கள் இதைப் பார்த்துவிட்டால் கூட்டமாக விரட்டும். கள்ளப்பருந்தும் வழிப்பறிக்கு வரும்.

பாய்ச்சல்களில் பெரும்பாலானவை தவறியே போகும். முதன்முதலாகப் பார்க்க வருகிறவர்கள் இதில் சோர்ந்துவிடுகிறார்கள், பறவைக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்றுகூட நினைக்கிறார்கள். தவறுவதுதான் இதன் பிழைப்பு முறை. வானத்திலிருந்து கல் போல விழும் பொரி வல்லூறு ஒரு துரத்தலுக்கு நிறைய உழைப்பைச் செலவழிக்கிறது. பூனைப்பருந்து அப்படியில்லை, எடைக்குக் கூடுதலான சிறகைக் கொண்டு, குறைந்த செலவில் மணிக்கணக்கில் மிதந்து, பல தடவை முயன்று பார்க்கிறது. அதன் எடை பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு உள்ளேதான், சிறகு விரிப்போ ஒரு மீட்டர் வரும்.

ஒரு சின்ன நோட்டில் ஐந்து பத்தி போட்டு எழுதினால் இதெல்லாம் தானே விளங்கும். மணி, எந்தப் பயிர், பயிரின் உயரம் (கணுக்கால், முழங்கால், இடுப்பு), பொழியிலிருந்து எத்தனை அடி, கிடைத்ததா. பத்து நாள் எழுதிய பிறகு நோட்டைப் புரட்டுங்கள், 'முழங்கால்' என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வரும். உளுந்து பிடுங்கும் வாரத்தை விட்டுவிடக் கூடாது. செடியைப் பிடுங்கிக் குவியல் போட்டதும் அதுவரை நிழலில் இருந்த பூச்சியும் சுண்டெலியும் திடீரென்று வெட்டவெளியில் நிற்கும். அந்த நிலத்தில் இரண்டு மூன்று பறவைகள் ஒரே நேரத்தில் தேடுவதைப் பார்க்க அதுவே சமயம்.

மற்றப் பறவைகளின் குரலையும் கேட்டுப் பழகுங்கள். ஆள்காட்டி கத்தினால் அது நாய்க்கோ உங்களுக்கோகூட இருக்கலாம், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தரிசில் மேய்ந்த வானம்பாடிகள் சத்தத்தோடு எழும்பிச் சற்றுத் தள்ளி இறங்கினால் பூனைப்பருந்து. எல்லாப் பறவையும் ஒரே நேரத்தில் எழும்பி வானத்தில் நெருக்கமாகச் சுற்றினால் அது பூனைப்பருந்து அல்ல, வல்லூறு வந்திருக்கிறது, மேலே பாருங்கள். இரட்டைவால் குருவி எதையும் விரட்டும், அதன் சாட்சியம் செல்லாது.

பூனைப்பருந்திலும் இனங்கள் உண்டு, அவற்றை அடையாளம் காண்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வளர்ந்த ஆண்கள் எளிது. வெளிறிய பூனைப்பருந்தின் ஆண் கிட்டத்தட்ட வெள்ளை, சாம்பல் தடவினாற்போல. சிறகு நுனியில் கறுப்பு ஒரு ஒடுங்கின ஆப்பு மாதிரி இருக்கும். மாண்டேகு பூனைப்பருந்தின் ஆண் அடர்ந்த சாம்பல், சிறகு நுனி முழுக்கக் கறுப்பு, சிறகின் மேல்பக்கம் நடுவே குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு தெரிந்துவிட்டால் விவாதமே இல்லை. பெண்களும் குஞ்சுகளும்தான் தலைவலி. இரண்டு இனத்திலும் பழுப்பு உடம்பு, வாலடியில் வெள்ளைப் பட்டை, வாலில் வளையங்கள். முகம் தெரிந்தால் மட்டும் முடிவு சொல்லலாம். கன்னத்துக் கரும்பட்டைக்குப் பின்னால் வெளிர் நிறத்தில் காலர் போலத் தெளிவாக ஓடினால் வெளிறியது. காலர் இல்லாமல் கண்ணைச் சுற்றி வெள்ளை அகலமாக இருந்தால் மாண்டேகு. முகம் தெரியவில்லையா, 'பூனைப்பருந்து, பெண் அல்லது இளையது' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு பறவைக்கும் இனப்பெயர் போட்டே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர்களின் பட்டியலை நம்புவதற்கில்லை. வேட்டையைப் பார்க்க இனப்பெயர் கட்டாயமும் இல்லை.

மூன்றாவது, சேற்றுப் பூனைப்பருந்து. இது பெரியது, கனமானது, வாலடியில் அந்தப் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை இருக்காது. பெண்ணுக்கும் பெரும்பாலான இளையவற்றுக்கும் காப்பிக்கொட்டை நிறத்தில் உடம்பு, தலை மட்டும் வெண்ணெய் நிறம். சிலர் இதைக் கருடன் குஞ்சு என்று நினைத்துக் கும்பிடுவார்கள், கும்பிடட்டும். புஞ்சைக்கு இது குறைவாகவே வரும். கூந்தன்குளம், விஜயநாராயணம் மாதிரிக் குளங்களிலும் தாமிரபரணிப் பாசனத்து நெல்வயல்களிலும் பார்க்கலாம். நாணலையும் சம்பையும் ஒட்டித் தாழ வரும்போது நாமக்கோழிகள் சிதறி ஓடாமல் ஒன்றாக நெருங்கிக் கொள்ளும். கூட்டத்தை விட்டுத் தனித்துப் போன ஒன்றின் மேலேயே பருந்து திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் அது முங்க, எழும்ப, மறுபடி முங்க, களைக்கும் வரை.

நெல்வயலின் உண்மையான வேட்டைக்காரர் வேறொருவர். கருந்தோள் பருந்து. இது விருந்தாளி இல்லை, உள்ளூர்க்காரர். காகத்தைவிடச் சிறியது, வெள்ளை வயிறு, சாம்பல் முதுகு, தோளில் கறுப்புத் திட்டு, இரத்தச் சிவப்புக் கண். சேரன்மகாதேவி, முக்கூடல், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிசான நெல்லில் கதிர் வரும் மார்கழி, தை மாதங்களில் மின்கம்பியில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்து வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தால் இதுதான். பூனைப்பருந்து தேடிக்கொண்டே போகும், இது நின்று பார்க்கும். வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், கால் தொங்கும், படி இறங்குவது போலக் கொஞ்சம் தாழும், மறுபடி நிற்கும், இன்னும் கொஞ்சம் தாழும். கடைசியில் சிறகு இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கால் முன்னால் விழும். அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு எலியும் சுண்டெலியும்தான்.

எந்த வரப்பில் உட்கார்ந்தால் இதைப் பார்க்கலாம் என்று கண்டுபிடிக்க விவசாயிகள் எலி பிடிக்கச் செய்கிற அதே சோதனை போதும். சாயங்காலம் வரப்பு ஓரத்து வளைகளையெல்லாம் மண்ணால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவற்றில்தான் எலி குடியிருக்கிறது. திறந்த வளை அதிகமுள்ள வரப்புக்கு நேர் மேலே மின்கம்பியோ பட்ட மரமோ இருந்தால் பருந்துக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்கும்.

கம்பி இல்லாத வயலில் கம்பு நடலாம். 'டி' வடிவத்தில் குச்சி நடச் சொல்லி வேளாண்மைத் துறையினர் பல காலமாகச் சொல்கிறார்கள், ஏக்கருக்கு 20 வரை. பகலில் கருந்தோள் பருந்தும் இரட்டைவால் குருவியும், இரவில் கூகையும் ஆந்தையும் உட்காரும். "சும்மா குச்சி நட்டா பிராந்து வந்து எலியப் புடிக்குமாவே?" என்று கேட்பவர்களின் வயலில் பெரும்பாலும் குச்சி தவறாக நடப்பட்டிருக்கும். நெல்லின் முழு வளர்ச்சிக்கு மேலே குறைந்தது மூன்று அடியாவது குச்சி நிற்க வேண்டும். நட்ட அன்று நாற்று சிறியதாக இருக்கிறது என்று உயரத்தைக் குறைத்தால் கதிர் வரும்போது குச்சி பயிருக்குள் முங்கிவிடும். குறுக்குக் கம்பு ஆட்டம் கண்டால் பருந்து ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு மறுபடி வராது, இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் வரப்போரமே நட்டுவிட்டு நடுவயலை மறக்கக் கூடாது. நெல் பால்பிடித்து முற்றத் தொடங்கியதும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு விட்டுவைத்தால் நெல் தின்னும் குருவிகளுக்கு நீங்களே நாற்காலி போட்டுக் கொடுத்த கதை.

குச்சியையும் நட்டு எலிமருந்தையும் வைப்பது சேராது. புரோமோடயலோன் மாதிரி இரத்தம் உறையவிடாத மருந்து தின்ற எலி உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் தள்ளாடிக்கொண்டு பகலிலும் வெளியே வரும். பருந்துக்கு அதைவிட எளிய இரை உண்டா? மருந்து எலியின் ஈரலில் தங்கியிருக்கும், தின்ற பருந்துக்குள்ளும் போகும். இறந்த எலியைப் பொறுக்கிப் புதைக்கச் சொல்வது இதற்காகவும்தான். பொறுக்குகிறவர்கள் குறைவு. கிட்டி வைத்துப் பிடிக்கிற பழைய முறையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கிட்டி வைக்கத் தெரிந்த ஆட்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்கிற விவசாயியின் பேச்சையும் தள்ளிவிட முடியாது.

மறுபடி புஞ்சைக்கு வருவோம். வேட்டைக்குப் பொழி எவ்வளவு வேண்டுமோ, இரவுக்குப் புல் அவ்வளவு வேண்டும். பூனைப்பருந்து மரத்தில் அடைவதில்லை. தரையில், முழங்காலிலிருந்து இடுப்பு வரை வளர்ந்த புல்லுக்குள், கூட்டமாக அடையும். பகலெல்லாம் தனித்தனியாகத் தேடிய பறவைகள் மாலையில் ஓரிடத்துக்கு வந்து சேரும். உக்கிரன்கோட்டைப் பக்கத்துத் தரிசு இப்படிப் பூனைப்பருந்துகள் கூடும் இடமாகப் பறவை பார்ப்பவர்களுக்குப் பழக்கம். ஐந்து மணிக்கு மேல் வரத் தொடங்கும். நேராகப் புல்லுக்குள் போகாது. பக்கத்தில் உழுத நிலத்தில் இறங்கி மண்கட்டியோடு மண்கட்டியாக உட்கார்ந்திருக்கும். இருட்டும் நேரத்தில் எழும்பிப் புல்லின் மேலே சுற்றி, இறங்குவது போலப் போய் மறுபடி எழும்பி, கடைசியில் ஒவ்வொன்றாக அமிழும்.

எண்ண வேண்டுமானால் குறைந்தது இரண்டு பேர், எதிரெதிர்ப் பக்கம், புல்லிலிருந்து இருநூறு மீட்டராவது தள்ளி. இறங்கியதைக் கூட்டி, எழும்பியதைக் கழித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதிக்கொள்ள வேண்டும். எழும்பியதைக் கழிக்காமல் இறங்கியதை மட்டும் எண்ணியவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கு, மூன்று மடங்காகப் போய்விடும். உட்கார்ந்திருக்கும் பறவைகளைக் கிட்டப்போய் எண்ணுவது, படத்துக்காக எழுப்பிவிடுவது, ட்ரோன் விடுவது மூன்றும் ஒரே தவறு. இருட்டில் எழுப்பப்பட்ட பறவை தெரியாத இடத்தில் இறங்கும், நரிக்கும் நாய்க்கும் அகப்படும்.

காலையில் பறவைகள் கிளம்பிப் போய் நன்றாக விடிந்தபிறகு புல்லுக்குள் போனால் அவை படுத்த இடம் தட்டையாக, தாம்பாள அகலத்துக்குத் தெரியும். வெள்ளை எச்சம், ஓரிரு இறகு, கூடவே கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டை. செரிக்காததைக் கக்கிய உருண்டை அது. அதைப் பாலித்தீனில் போட்டால் பூசணம் பிடிக்கும். காகிதத்தில் மடித்து, தேதியும் இடமும் எழுதி, வெயிலில் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். பிரிக்கும்போது வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, வெள்ளைத் தட்டில் வைத்து, இடுக்கியால் மெல்ல விரிக்க வேண்டும். முதலில் எலிமயிர் பஞ்சு போலப் பிரியும். அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில் வளைந்த வெட்டுப்பல் ஒன்று. கருமையாக, மினுங்கலாக, உட்புறம் பல் வைத்த சின்னக் கிண்ணம் மாதிரி கிடப்பது வெட்டுக்கிளியின் தாடை. ஒரு வெட்டுக்கிளிக்கு இரண்டு தாடை என்பதால், எண்ணி இரண்டால் வகுத்தால் குறைந்தது எத்தனை தின்றது என்று வந்துவிடும். மீன்செதில் போல மெல்லியதாகத் தண்ணீரில் மிதப்பது ஓணான் தோல். எலும்பு அதிகம் கிடைக்காது. ஆந்தையைப் போல இல்லாமல் பருந்தின் வயிற்று அமிலம் எலும்பைப் பெரும்பாலும் கரைத்துவிடும். எலும்பு இல்லை என்பதற்காக எலி தின்னவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

இந்தப் புல் நிற்கிற நிலத்துக்கு வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயர் 'தரிசு'. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு. எந்தப் பெயரிலும் புல் என்ற சொல் இல்லை. தரிசு என்றால் சும்மா கிடக்கிறது என்று அர்த்தமாகிவிட்டது. சும்மா கிடக்கிற இடத்தில் மரம் நடலாம், சூரியமின் தகடு போடலாம், சீமைக்கருவேலம் தானே வந்து மூடலாம். மரம் நடுவதைக் குறை சொன்னால் பசுமைக்கு எதிரி என்பார்கள், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. புல்வெளிக்குள் வேம்பும் புங்கனும் வரிசையாக நட்டால் பூனைப்பருந்துக்கு அந்த இடம் முடிந்தது. கோடையில் புல்லுக்குத் தீ வைப்பதால் பெரிய கெடுதல் இல்லை, அப்போது பறவைகள் இங்கே இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு புல் மறுபடி வந்துவிடும். மார்கழியிலோ தையிலோ வைத்த தீயும், அந்த மாதங்களில் இரவு நேரத்துக்கு அங்கே போடுகிற ஆட்டுக்கிடையும்தான் அடைசலைக் கலைக்கும். கிடை போடுகிறவரிடம் முன்கூட்டியே பேசினால் நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் போட அவர் சம்மதிப்பார். கிடைக்கு வேண்டியது ஆட்டுப்புழுக்கை விழ உழுத நிலம், உயரமான புல் அல்ல.

மாலை எண்ணிக்கை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். கடைசிப் பறவை அமிழ்ந்த பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள், பிந்தி வருகிற ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். டார்ச்சைப் புல் பக்கம் காட்டாமல் கால் முன்னால் தரையைப் பார்த்துப் பிடியுங்கள், மழைக்குப் பிறகான பொழியில் கண்ணாடி விரியன் கிடக்கும். பைக்கை வண்டிப்பாதை வரை உருட்டிக்கொண்டு போய், தார்ச்சாலை வந்தபிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.